ஹொல்ம்லியாவில் விட்டுவந்த லேகியம்

நவம்பர் 1, 2008, சனிக்கிழமை

கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கியபோது மணி மூன்றரை. வெயில் இருந்தது, ஆனால் சூடில்லை. அங்கிருந்து ஒஸ்லோ நகரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ரயில் வயல்களையும் பிர்ச் மரங்களையும் கடந்து சென்றது. மத்திய நிலையத்தில் இறங்கும்போது கிட்டத்தட்ட இருட்டிவிட்டது. ஐந்து மணிகூட ஆகவில்லை. கடிகாரம் ஓடவில்லையோ என்ற சந்தேகத்தில் இருமுறை பார்த்தேன்.

பத்திரிகையாளர்களுக்கான இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்றுக்காக வந்திருந்தேன். அது முடிந்ததும் அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் என் மகள் வித்யாவைப் பார்க்கப் போவதாகத் திட்டம். வித்யாவின் பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் சிவநேசன், நந்தினி என்ற யாழ்ப்பாணத் தம்பதி. சிவநேசனின் தங்கை மலர் ஒஸ்லோவின் தென்கிழக்கே ஹொல்ம்லியாவில் இருக்கிறார். “ஹோட்டல்ல தங்கினீங்கன்னா நந்தினி அக்கா என்னோட பேசமாட்டாங்க” என்று வித்யா தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

நிலையத்துக்கு மலரின் கணவர் குணரத்தினம் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். இருபது வருடங்களுக்கு முன் வட நார்வேயில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தவர், இப்போது ஒஸ்லோவில் டிராம் ஓட்டுகிறார். என் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, “இவ்வளவு பாரமில்லாமல் வந்திருக்கிறியள். பாவம், போகேக்கை பாப்பியள்” என்றார்.

என்ன சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. வீடு சேர்ந்ததும் புரிந்தது. மிச்சிகனுக்கு ஒருவர் போகிறார் என்ற செய்தி அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கப் பரவியிருந்தது. புலம்பெயர்ந்த தமிழர்களிடையே விமானச் சீட்டு வாங்கியவர் தனக்கு மட்டும் பயணம் செய்வதில்லை. போகும் ஊரில் யாருக்கு யார் இருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் போகிறார். மலர் கதவைத் திறந்தபோது அவருக்குப் பின்னால் கூடத்தில் பொதிகள் அடுக்கியிருந்தன. வறுத்த மிளகாய்த்தூள், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி, யாரோ ஒரு குழந்தைக்குப் பின்னிய கம்பளித் தொப்பி.

“வாங்கோ அண்ணை. உங்களுக்குக் குளிருதோ?”

“இல்லம்மா” என்றேன். பற்கள் அடித்துக்கொண்டது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே தேநீர் போடப் போனார்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை

காலையில் குணரத்தினம் நகரம் காட்ட அழைத்துப் போனார். மலரும், தாதியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் மகள் அபியும் கூட வந்தார்கள். ஹொல்ம்லியாவிலிருந்து உள்ளூர் ரயிலில் நகர மையத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆவதில்லை. கப்பல்துறையருகே காப்பி குடித்தோம். ஒரு கோப்பை இருபத்தெட்டு குரோனர், நம் பணத்தில் சுமார் இருநூறு ரூபாய். சென்னையில் இந்தப் பணத்துக்கு நான்கு பேர் வயிறார மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.

திரும்பும்போது ஆக்கர் ஆற்றின் பாலத்தைக் கடந்தோம். கரையில் தொப்பியை இழுத்துவிட்ட இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் என்னருகே வந்து காதோடு ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்ந்தான். என்ன என்று குணரத்தினத்திடம் கேட்டேன்.

“கஞ்சாப் பிசின் வேணுமோ எண்டு கேக்கிறான். எல்லாரையும் கேப்பாங்கள். நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ.”

மலர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. “பொலிசு என்ன செய்யுது எண்டு தெரியேல்லை” என்றார், அவர்களுக்கும் கேட்கும்படி.

அபி நின்றுவிட்டாள். “அம்மா, நீங்கள் இதைச் சொல்லாதேங்கோ. எங்கட வீட்டு ஃப்ரிட்ஜுக்கை என்ன கிடக்கு?”

“அது வைத்தியர் காய்ச்சின மருந்து. இது ரோட்டு வியாபாரம்.”

“சட்டத்துக்கு ரெண்டும் ஒண்டுதான்.”

“சட்டத்துக்கு வயித்து நோவு தெரியுமோ?”

பாலத்தின் மேல் குடும்பச் சண்டை ஒன்று தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும் குணரத்தினம் எங்களை ரயில் நிலையத்தை நோக்கி நடத்தினார். கஞ்சா விற்றவர்கள் வழிவிட்டு நின்றார்கள்.

விவரம் மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது. எதையும் மறைக்காமல் மலரே சொன்னார்.

சிவநேசனுக்குக் குடலில் புற்றுநோய். அறுவை முடிந்து, ரத்தத்தில் ஏற்றும் மருந்து இரண்டு சுற்று கொடுத்தாகிவிட்டது. ஆனால் எது சாப்பிட்டாலும் வாந்தி. அதை நிறுத்தக் கொடுத்த மாத்திரைகள் அவருக்குக் கேட்கவில்லை. உடம்பு இப்படியே வற்றிக்கொண்டு போனால் மூன்றாவது சுற்றைத் தொடங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட வேலை செய்யும் அமெரிக்கர் ஒருவர், தன் அப்பாவுக்குக் கஞ்சாதான் உதவியது என்று ஒரு சின்னப் பொட்டலத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நந்தினி அதை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கள்ளமாய் ஒண்டும் இந்த வீட்டுக்கை வேண்டாம், சட்டம் விட்டா பாப்பம் எண்டு சொல்லிப்போட்டா” என்றார் மலர். “அவவையும் குறை சொல்லேலாது. எத்தினை வரியம் பொலிசுக்கும் ஆமிக்கும் பேப்பர் காட்டிக்கொண்டு திரிஞ்சவள். சிற்றிசன் கிடைச்சே ரெண்டு வரியம்தான்.”

பிறகு எழுந்துபோய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பழைய ஜாம் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். உள்ளே கறுப்பாக, நெய் மினுங்க, லேகியம். ஊரில் அவர்களுக்குத் தெரிந்த நாட்டு வைத்தியர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்தது. பசியெடுக்கக் கொடுப்பது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

“உள்ளே என்ன இருக்கும்மா?”

“சுக்கு, திப்பிலி, தேன், நெய்…” கொஞ்சம் நிறுத்தினார். “கஞ்சா இலையும் கொஞ்சம்.”

“அதைத்தான் அவ கடைசியாச் சொல்லுவா” என்றாள் அபி. அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. நார்வேயில் தாதியாக வேலைக்குச் சேரப் போலீஸ் நற்சான்று வேண்டும். “அம்மா, இதோட பிடிபட்டா எனக்கு பொலித்தி-அத்தெஸ்த் தருவாங்களே? மூண்டு வரியம் படிச்சது சும்மா.”

மலர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அண்ணை, நீங்கள் வியாழக்கிழமை போறியள். செவ்வாய்க்கிழமை அங்கை கஞ்சாவை மருந்தாய் விடலாமோ எண்டு வோட்டாம். சனம் ஓம் எண்டு போட்டா பேந்து ஆர் பிடிக்கிறது? நீங்கள் இதைக் கொண்டு போகலாம்தானே?”

நாற்பது வருடம் செய்தி மேசையில் உட்கார்ந்தவனுக்கு ‘கஞ்சா’ என்ற சொல் எட்டாம் பக்கத்து ஒற்றைப் பத்திச் செய்தி. ‘கஞ்சா வைத்திருந்தவர் கைது’ என்ற தலைப்பை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று தெரியாது. அந்தத் தலைப்புக்குக் கீழே என் பெயர் வருவதைக் கற்பனை செய்துபார்த்தேன்.

“அம்மா, மிச்சிகன் ஜனங்க ஓட்டுப் போட்டாலும் டெட்ராய்ட் ஏர்போர்ட்ல நிக்கிற அதிகாரி மத்திய அரசாங்கத்து ஆளு. அவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இங்க ஒஸ்லோவுல நிக்கிறவருக்கு சுத்தமாப் பொருந்தாது.”

“நானும் அதைத்தான் சொல்லுறன்” என்றார் குணரத்தினம். “அண்ணையை ஜெயிலுக்கு அனுப்பிப்போட்டு உம்மட அண்ணை சாப்பிடுவாரோ?”

மலர் போத்தலின் மூடியை இறுக்கினார். “வோட்டு முடியட்டும். பேந்து கதைப்பம்” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வாக்கு வென்றால் சட்டம் வந்துவிட்டது என்று கொடுப்பார். தோற்றால் இனி வேறு வழியில்லை என்று கொடுப்பார். நான் எப்படி மறுப்பது என்று அந்த மேசையிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை

கருத்தரங்கின் இரண்டாம் நாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. இடைவேளைகளில் எல்லாரும் அமெரிக்காவைப் பற்றியே பேசினார்கள். அங்கே அதிபர் தேர்தல் நாள்.

மிச்சிகன் விஷயத்தை அறிந்த ஸ்வீடன் நாட்டு நிருபர் ஒருவர் கிடைத்தார். அவர் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. அமெரிக்காவின் சில மாநிலங்களில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி ஒரு சட்டத்தைத் தாங்களே முன்மொழியலாம். போதுமான கையெழுத்து இருந்தால் அது வாக்குச்சீட்டில் ஏறிவிடும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதே சீட்டில், இந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்பார்கள். கலிபோர்னியா பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே இப்படித்தான் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. இன்று மிச்சிகனில் அதே கேள்வி. மாசசூசெட்ஸிலும் ஒரு கேள்வி உண்டு, ஆனால் அது வேறு: சிறிதளவு வைத்திருந்தால் சிறைக்குப் பதிலாக அபராதம் போதுமா என்பது.

மாலையில் குணரத்தினம் ஓட்டிய டிராமில் ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நகரத்தைச் சுற்றினேன். மழை தூறியது. கண்ணாடியில் விளக்குகள் கரைந்து ஓடின. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“இப்ப அங்கை மத்தியானம். மச்சான் வோட்டுப் போடப் போயிருப்பார். நடக்கேலாது, சில்லுக் கதிரையிலைதான் கொண்டு போறதெண்டு நந்தினி சொன்னவ.”

“போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாமே?”

“சீவியத்திலை முதல் தரம் பயமில்லாமல் வோட்டுப் போடுற தேர்தல் அண்ணை. விடுவாரோ?” என்று சொல்லிவிட்டு மணியை அடித்து வண்டியை எடுத்தார்.

நவம்பர் 5, புதன்கிழமை

விடியவில்லை, ஆனால் காலைதான். ஆறு மணிக்கு எழுந்து வந்தபோது மூவரும் கம்பளிக்குள் சுருண்டு தொலைக்காட்சியின் முன் இருந்தார்கள். அமெரிக்கா தன் முதல் கறுப்பின அதிபரைத் தேர்ந்தெடுத்திருந்தது. சிகாகோ பூங்காவில் கூட்டம் அழுதுகொண்டிருந்தது. நார்வே அறிவிப்பாளரின் குரலும் தழுதழுத்தது.

“அது சரி, நல்ல விசயம்” என்றார் மலர். “எங்கட விசயம் என்னாச்சு?”

தொலைக்காட்சி அதைப்பற்றிச் சொல்வதாக இல்லை. அபி மடிக்கணினியைத் திறந்தாள். மிச்சிகன் பத்திரிகை ஒன்றின் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. குணரத்தினம் பொத்தானை அழுத்தி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“தங்கச்சி, முழிப்போ?” சிவநேசனின் குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் தெளிவாக.

“அண்ணா! என்னாச்சு?”

“பாசாம். நூறுக்கு அறுபதுக்கு மேலை ஓம் எண்டு போட்டிருக்குதாம் சனம்.”

மலர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். குணரத்தினம் தொலைபேசியை நோக்கிக் குனிந்து, “பாத்தியளே மச்சான், சில்லுக் கதிரையிலை போய்ப் போட்ட வோட்டு வேலை செஞ்சிருக்கு” என்றார்.

சிவநேசனின் குரல் தாழ்ந்தது.

“அதிலை ஒரு சின்னப் பிசகு நடந்துபோச்சு.”

“என்ன பிசகு?”

“ஊரிலை என்ன செய்யிறனாங்கள்? கட்சிக்கு நேரை ஒரு புள்ளடி போட்டிட்டு வாறது. இஞ்சையும் சீட்டிலை முதல் அதுதான் கிடந்தது. கட்சிக்கு நேரை வட்டத்தை நிரப்பினா, அந்தக் கட்சியின்ர ஆக்கள் எல்லாருக்கும் வோட்டு விழுமாம். நான் வடிவா நிரப்பினன். மெசினுக்கை குடுத்தன். வந்திட்டன்.”

“பேந்து?”

“கஞ்சாக் கேள்வி சீட்டின்ர பின்பக்கத்திலையாம். அதைத் தனிய நிரப்ப வேணுமாம். வீட்டை வந்தாப் பிறகுதான் தெரியும்.”

முதலில் அபிதான் சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அண்ணா!” என்றார் மலர். “நான் இஞ்சை நித்திரையில்லாமல் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறன், நீங்கள் பேப்பரைத் திருப்பிக்கூடப் பாக்கேல்லையோ?”

“எனக்காக ஊர்ச்சனம் திருப்பிப் பாத்திருக்குது. அதைப் பாரன்.”

“மச்சான், உங்கட வீட்டிலையிருந்து ஒரு வோட்டும் விழேல்லை எண்டு வெளியிலை சொல்லாதேங்கோ. வெக்கம்” என்றார் குணரத்தினம்.

“விழாமலென்ன? விழுந்தது. இந்தா, ஆளோட கதையுங்கோ.”

தொலைபேசி கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், தயக்கத்துடன். “மச்சாள்.”

“நந்தினி?”

“நான் போட்டனான்.”

மலர் குணரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். பொட்டலத்தை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியவர் அல்லவா.

“என்ன பேசாமல் இருக்கிறியள்?” என்றது நந்தினியின் குரல். “சட்டம் விட்டா பாப்பம் எண்டு நான்தானே சொன்னனான். சொல்லிப்போட்டு, விடாதேங்கோ எண்டு வோட்டுப் போட்டா அது ஞாயமோ? அதுதான் பின்பக்கம் திருப்பி நிரப்பினன். இவருக்கும் சொல்லேல்லை. தான் போடேல்லை எண்டு இவர் வந்து தலையிலை கை வைச்ச பிறகுதான் சொன்னனான்.”

மலர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தொலைபேசியைத் தடவிக்கொண்டே.

“இன்னொண்டு மச்சாள். அந்த லேகியத்தை வித்யாவின்ர அப்பாவிட்டைக் குடுத்து விடாதேங்கோ. மனுசனை எயார்போட்டிலை மறிச்சா நான் அந்தப் பிள்ளையின்ர முகத்திலை முழிக்கேலாது. மிளகாய்த்தூள் மட்டும் விடுங்கோ.”

முந்தைய நாட்களில் மறுப்புச் சொல்வதற்கென்று நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. என் தோள்கள் தளர்ந்ததை அபி கவனித்துவிட்டாள். “அங்கிள், இப்பதான் நீங்கள் மூச்சு விடுறியள்” என்றாள்.

பத்து மணிவாக்கில் பத்திரிகையின் பக்கத்தில் முழு விவரம் வந்தது. நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் ஆதரித்திருந்தார்கள். மாசசூசெட்ஸிலும் வென்றிருந்தது. ஆனால் நாளைக்கே கடையில் வாங்கிவிட முடியாது. சட்டம் நடைமுறைக்கு வர ஒரு மாதம் ஆகும், நோயாளிகளுக்கு அடையாள அட்டை கொடுக்க அடுத்த வசந்தம் வரை போகும். மத்திய அரசின் தடை அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் மலருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பரவாயில்லை அண்ணை. இனி டொக்டரிட்டை வாய்விட்டுக் கேக்கலாம்தானே” என்றார். இத்தனை நாளும் சிவநேசன் டாக்டரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லேகியத்தை என்ன செய்வது என்பதில் இன்னொரு வாக்குவாதம் நடந்தது. கழிப்பறையில் ஊற்றலாம் என்றாள் அபி. வைத்தியர் காய்ச்சிய மருந்தை அங்கே ஊற்றுவது பாவம் என்றார் மலர். மருந்துக்கடையில் பழைய மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அங்கே கொடுக்கலாம் என்றாள் மகள். “என்ன மருந்தெண்டு சொல்லிக் குடுப்பாய்?” என்று அப்பா கேட்டதும் அந்த யோசனையும் போனது. கடைசியில் காப்பிச் சக்கையோடு கலந்து, இரண்டு பையில் கட்டி, குப்பையில் போட்டார் குணரத்தினம். மலர் போத்தலை மட்டும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நவம்பர் 6, வியாழக்கிழமை

பகல் விமானம். மூவரும் கார்டர்மூனுக்கு வந்தார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவரின் பைகளைச் சுங்கத்துறையின் மோப்ப நாய் ஒன்று முகர்ந்துவிட்டு என் பெட்டிக்கு வந்தது. கறுப்பு நிறம், ஈர மூக்கு. மிளகாய்த்தூள் பக்கமாக மூக்கை நீட்டி, ஒரு தும்மல் போட்டு, நகர்ந்துவிட்டது. ஒரு மோப்ப நாயை இவ்வளவு அன்போடு நான் எப்போதும் பார்த்ததில்லை.

“அண்ணா நேத்து டொக்டரோட கதைச்சவராம்” என்றார் மலர். “வாந்தி நிண்டு ரெண்டு கிலோ ஏறினா டிசம்பரிலை மூண்டாம் சுற்றைத் தொடங்கலாமாம். டிசம்பரிலை சட்டமும் வந்திடும். நந்தினியும் பக்கத்திலை இருந்தவவாம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “போய்ச் சேர்ந்ததும் ஒருக்கா போன் எடுங்கோ. அண்ணா என்ன சாப்பிட்டவர் எண்டு வடிவாப் பாத்துச் சொல்லோணும்.”

விமானம் ஆம்ஸ்டர்டாமை நோக்கிக் கிளம்பியது. கீழே காடுகளும், காடுகளுக்கிடையே ஈயம்போல் ஏரிகளும் தெரிந்தன.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்ததும் போனதும் மறுபடி வந்ததும் மறுபடி போனதும் எனக்கு நினைவிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரசு முடிவெடுத்தது, நாங்கள் தலைப்புப் போட்டோம். வேண்டுமா வேண்டாமா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் மனைவியிடமும் கேட்டதில்லை. எந்தத் தலைவரின் முகம் வேண்டும் என்றுதான் எங்களைக் கேட்டார்கள், நாங்களும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தோம்.

கேட்டிருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் மது வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வாக்குச்சாவடிக்குள் தனியாகப் போனதும் நந்தினியைப் போல் சீட்டைத் திருப்பிப் பார்த்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.